புளி என்று திருத்தினேன்

1

போன வியாழக்கிழமை ஒரு நோயாளி என் வாயில் ஓங்கி அறைந்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர், பரம சாது. அவர் மணிக்கட்டில் நடுக்கம் அளக்கும் பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கை திடீரென்று வீசி எழுந்தது. புறங்கை என் பல்லில் வந்து இடித்தது. உதடு கிழிந்து காலரெல்லாம் ரத்தம். அடித்தவர் அழுதுவிட்டார். அடி வாங்கிய நான் "பரவாயில்லைங்க, பரவாயில்லைங்க" என்று தமிழில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். வலி வந்தால் எனக்கு ஜெர்மன் மறந்துவிடும்.

உதட்டில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் படிவம் வந்தது. இந்த நாட்டில் கொசு கடித்தாலும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: தாக்குதல் வேண்டுமென்று நடந்ததா, நோயினால் நடந்ததா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். தபால்காரர் விஷயத்தில் பதில் தெளிவு, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்தும் பேனாவை வைத்த பிறகு என் கை நகரவில்லை. போன வருஷம் ஜவ்வாது மலையில் இதே கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே கட்டம் போட்ட தாள் இல்லை. என் அக்காவின் உடம்புதான் இருந்தது.

ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். மலையில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் செல்வி. ஜமுனாமரத்தூரிலிருந்து காவலூர் போகும் பக்கம் ஒரு சின்ன ஊர். வேலூரில் நர்சிங் படித்தேன். ஜெர்மன் மொழித் தேர்வில் இரண்டு தடவை தோற்று மூன்றாம் தடவை தேறி இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இப்போது இருக்கும் நகரத்தின் பெயர் உங்கள் வாயில் நுழையாது. என் வாயிலேயே இன்னும் முழுசாக நுழையவில்லை.

ஒரு மருத்துவமனையின் நரம்பு நோய்ப் பிரிவில் நடுக்கம் அளப்பது என் வேலை. கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை, ஆனால் நேரம் காட்டாது. உள்ளே இருக்கும் சில்லு கையின் அசைவு ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளும். சூப் குடித்தாலும் தெரியும், மேசையைத் தட்டிப் பேரனைத் திட்டினாலும் தெரியும். கம்ப்யூட்டரில் பார்த்தால் நடுக்கம் சீப்பின் பல் மாதிரி ஒரே சீராக வரும். வேறு வேலை செய்தால் சீப்பு கலைந்து கோடு மாறும்.

பார்க்கின்சன் என்ற நோயில் பெரும்பாலும் கை சும்மா மடியில் கிடக்கும்போதுதான் நடுங்கும். ஒரு பொருளை எடுக்கவோ வேலை செய்யவோ நீட்டினால் நடுக்கம் குறையும், சிலருக்கு அந்த நேரம் நின்றே போகும். புதிதாக வரும் குடும்பத்தார் இதைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் நடிக்கிறாரா?" என்று என் காதில் கேட்பார்கள். நடிப்பில்லை, அந்த நோயின் குணமே அது என்று நாளுக்கு நாலு பேருக்காவது சொல்வேன். ஜெர்மனில் நான் தப்பில்லாமல் சொல்லும் ஒரே நீளமான வாக்கியம் அதுதான்.

3

என் மகள் இனியாவுக்குப் பதினாலு வயசு. இங்கேயே வளர்ந்தவள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அவளுடைய தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் உச்சரிப்பை அப்படியே பேசிக் காட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகும் அவள் நிறுத்தவில்லை. கன்னத்தில் ஒரு அறை விட்டேன். ஓங்கித்தான் விட்டேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். மறுநாள் பள்ளியில் டீச்சர் விரல் தடத்தைப் பார்த்துவிட்டார்.

ஒரே வாரத்தில் சிறார் நல அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். கூடவே மொழிபெயர்ப்பாளராக ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. "பிள்ளைக்கு அடிச்சனீங்களோ?" என்று அவர் கேட்டார். "லேசா ஒரு அடி" என்றேன். எப்படியாவது சமாளிக்க வேண்டுமே, அதனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், எங்கள் மொழியில் அடி என்பது அவ்வளவு பெரிய சொல் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். வெயில் அடிக்கும், காற்று அடிக்கும், மணி அடிக்கும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்போம், கேழ்வரகு அடிப்போம், புளி அடிப்போம். ஜெர்மனில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வினை. வந்தவர்களில் ஒரு அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "உங்கள் மகளை அடித்தது இதில் எந்த வகை?" என்று கேட்டார்.

நான்கு சந்திப்பு, ஆறு வாரம் வகுப்பு, இனிமேல் யார் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று கையெழுத்து. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இனியாவிடம் "ஏன்டி போட்டுக்கொடுத்தே?" என்று கேட்டேன். "நான் போட்டுக்கொடுக்கல. அவங்க கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். அதை மட்டும் தமிழில் சொன்னாள்.

4

மல்லிகா அக்கா என்னைவிடப் பதினோரு வயசு மூத்தவள். அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டிலிருந்துதான் பள்ளிக்கூடம் போனேன். அக்கா புருஷனை மாமா என்றுதான் கூப்பிடுவேன். புளிய மரங்களைக் குத்தகைக்கு எடுப்பார். தோள் இரண்டும் உரல் மாதிரி இருக்கும். என் முதல் ஜாமெட்ரி பாக்ஸ் அவர் வாங்கித் தந்தது. நன்றாகப் படிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான். அந்த மனிதர்தான் அக்காவை அடித்தார்.

நான் ஏழாவது படித்தபோது ஒரு காலை நேரம். ஆடு பக்கத்துச் சாமைக் கொல்லையில் வாய் வைத்துவிட்டது. கொல்லைக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். மாமா புளி அடிக்கும் கட்டையை எடுத்து அக்காவின் முதுகில் மூன்று போட்டார். விழுந்தவளைத் தலைமயிரைப் பிடித்துக் களத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தார். களம் முழுக்கப் புளி ஓடு. உடைந்த ஓடு அவள் முழங்கையிலும் இடுப்பிலும் குத்தி ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டது. நான் மூட்டைக்குப் பின்னால் நின்றேன். பாவாடையில் சிறுநீர் போய்விட்டது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தார்கள். சட்டி உருட்டும் சத்தம் கேட்டது, யாரும் வரவில்லை.

மறுநாள் அக்கா ஒரு முள்வாங்கியால் ஓட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க வந்தவளிடம், "பாறையில வழுக்கி உழுந்துட்டேன்" என்றாள். கேட்டவளும் "பாத்து நடக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். இதை மாதிரி எத்தனையோ பார்த்தேன். பார்த்துக்கொண்டே படித்தேன், பாஸ் பண்ணினேன், போய்விட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அக்காவின் ஒரே மகன் கண்ணமங்கலத்துக்குக் குடிபோன பிறகு, மாமாவுக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பார்க்கின்சன் என்றார்கள். வீடியோவில் பேசும்போது தழுதழுப்பார். "உன் அக்கா இல்லன்னா நான் எப்பயோ போய்ட்டிருப்பேம்மா" என்பார். நோய் வந்து மனுஷன் அடங்கிவிட்டார் என்று நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. இங்கே உட்கார்ந்து நிம்மதியாகக் காபி குடிக்க வேண்டுமே.

5

போன வருஷம் மாசியில் எங்கள் பிரிவும் சென்னையில் ஒரு மருத்துவமனையும் சேர்ந்து ஒரு ஆய்வு தொடங்கினோம். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர முடியாத தூரத்து ஊர்க்காரர்களுக்குப் பட்டையைக் கட்டிவிட்டு, வீட்டில் இருக்கும்போது நடுக்கம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. மாமாவின் பெயரை நான்தான் கொடுத்தேன். பட்டையைக் கழற்றினால் மாத்திரை நின்றுவிடும் என்று பயந்து அவர் அதைக் குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. நடுக்கத்தை மட்டும்தான் அது பார்க்கும் என்பது அவர் எண்ணம்.

பட்டையோடு ஒரு நோட்டும் உண்டு. கை எப்போது என்ன செய்தது என்று வீட்டில் ஒருவர் எழுத வேண்டும். அக்கா அஞ்சாவது வரை படித்தவள். அவளுக்கு நான் போனில் சொல்லிக் கொடுத்தேன்: "கையி இன்னா பண்ணாலும் எழுதுக்கா. நல்லது கெட்டது பாக்காத. ஒண்ணும் உடாத." அக்கா அப்படியே செய்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் டவர் கிடைக்கும் பாறை மேல் ஏறி, பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புவாள். முதலில் மென்பொருள் அதை ஜெர்மனில் மாற்றும். பிறகு நான் சரிபார்க்க வேண்டும்.

மாசி, பங்குனி எங்கள் பக்கம் புளிக் காலம். காய்ந்த பழத்தைக் கல்லில் வைத்துக் கட்டையால் அடித்து ஓட்டையும் கொட்டையையும் எடுப்பார்கள். கீழே ஊர்களில் தட்டுவது, உடைப்பது என்றெல்லாம் சொல்வார்கள். எங்கள் ஊரில் அடிப்பதுதான். அதுவும் அந்தக் காலத்தில் யாரும் 'புளி' என்று சேர்த்துச் சொல்வதில்லை. "காலையில இருந்து அடிக்கறோம்" என்றால் போதும். மாமா உட்கார்ந்த இடத்தில் கொஞ்சம் புளி அடிப்பார். "புளி அடிச்சாரு" என்று முதல் இரண்டு வாரம் எழுதிய அக்கா, பிறகு வெறுமனே "அடிச்சாரு" என்று எழுதினாள்.

மென்பொருள் அதை "அவர் அடித்தார்" என்று போட்டது. நான் சிரித்துக்கொண்டே "புளி அடித்தார்" என்று திருத்தினேன். எங்கள் குழுவில் லேனா என்று ஒரு பெண், கோடுகளைப் படிக்கும் நிபுணர். அவளிடம், "பாவம் உன் மெஷின், அதுக்கு மலை தெரியாது" என்று பீற்றிக்கொண்டேன். குழுக் கூட்டத்தில் புளி அடிக்கும் படமெல்லாம் காட்டி ஒரு சின்ன உரையே ஆற்றினேன். கை தட்டினார்கள். லேனா மென்பொருளில் 'புளி' என்று ஒரு தனி வகை சேர்த்தாள். கட்டையால் அடிப்பது மாதிரி உயரமான கோடு வந்தால் அது புளி, நடுக்கக் கணக்கில் வேண்டாம் என்று மெஷினே ஒதுக்கிவிடும். எங்கள் மலையிலிருந்து ஒரு சொல் ஜெர்மனிக்காரர்களின் பட்டியலில் ஏறிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அன்று சாயங்காலம் இனியாவிடம்கூடச் சொன்னேன். "ஓகே" என்றாள்.

6

ஆவணி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை லேனா என்னைக் கூப்பிட்டாள். திரையில் மாமாவின் கோடுகள்.

"செல்வி, புளிக் காலம் எதுவரை?"

"சித்திரை, மிஞ்சினால் வைகாசி. உங்கள் கணக்கில் மே மாதம்."

"இது போன வாரத்துக் கோடு" என்றாள்.

நான் பார்த்தேன். அவள் பக்கத்தில் பங்குனி மாசத்துக் கோட்டையும் வைத்திருந்தாள். பங்குனியில் அடி ஒரே தாளமாக, ஒரே உயரமாக, நூற்றுக்கணக்கில் வந்திருந்தது. அதுதான் புளி. புதுக் கோட்டில் தாளம் இல்லை. ஐந்து, ஆறு, சில நாள் பதினொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம். நடுவில் கை எதையோ இறுகப் பிடித்து இழுத்த மாதிரி ஒரு நீளக் கோடு. அதற்குப் பிறகு மறுபடியும் இரண்டு.

"இன்னொன்றும் இருக்கிறது. அடிக்கு முன்னால் பாருங்கள்" என்றாள். அடிக்கு முன்னால் நடுக்கம் சீப்புப் பல்லாக ஓடிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று ஒரு பொருளை எடுக்கும்போது நிற்கிற மாதிரி, கை உயரும் இடத்தில் சீப்பு நின்றுவிட்டது. அடித்து முடிக்கும் வரை ஒரு பல்கூட இல்லை. முடிந்து, கை கீழே இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி நடுங்க ஆரம்பித்தது.

நோட்டுப் பக்கத்தைத் திறந்தேன். அதே தேதி, அக்காவின் குண்டு குண்டு எழுத்து: "காலை மாத்திரை போட்டாரு. கை நடுங்குச்சி. கஞ்சி குடிச்சாரு. அடிச்சாரு. தூங்கனாரு." கீழே சிவப்பில் என் திருத்தம். புளி.

வைகாசி, ஆனி, ஆடி என்று பக்கம் பக்கமாகப் போனேன். எல்லா இடத்திலும் அடிச்சாரு, எல்லா இடத்திலும் புளி. என் அக்கா வாங்கிய அடியை எல்லாம் நான் புளி என்று திருத்தி, மெஷினுக்கும் அதையே கற்றுக்கொடுத்து வடிகட்டியிருக்கிறேன். ஒன்றும் தெரியாத மென்பொருள் சரியாகத்தான் சொன்னது. ஜெர்மன்காரன் யாராவது இருந்தால்கூட "எதை அடித்தார்?" என்று கேட்டிருப்பான். மலை தெரிந்த நான்தான் கேட்கவில்லை.

7

மறுநாள் புதன்கிழமை. ஆடு மேய்க்கப் போகும் அக்கா பாறை மேல் ஏறும் நேரம் வரை காத்திருந்து போன் போட்டேன்.

"அக்கா, நோட்டுல அடிச்சாரு அடிச்சாருன்னு எழுதறியே, எத்த அடிச்சாரு?"

"இன்னா?"

"எத்தக்கா அடிச்சாரு?"

"இன்னாடி கேக்கற? என்னத்தான் அடிச்சாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"சொல்லலியா? நீதான கையி இன்னா பண்ணாலும் எழுதுன்ன. எழுதி எழுதி அனுப்பனேன். நீ படிச்ச. அந்தூரு டாக்டருங்கள்லாம் படிக்கறாங்கன்னு சொன்ன. யாரும் ஒரு வார்த்த கேக்கல. சரி, இந்த நோயில இதெல்லாம் உண்டு போல, அவங்களுக்குத் தெரிஞ்சதுதான் போலன்னு நானும் உட்டுட்டேன்."

"நான் புளின்னு நெனச்சேன்க்கா."

"இன்னா? இந்தப் பக்கம் கேக்கல, இரு." போனை வேறு காதுக்கு மாற்றினாள். அப்போதுதான் உறைத்தது. மாதக்கணக்காக "இன்னா, இன்னா" என்று அவள் கேட்கும்போதெல்லாம் டவர் சரியில்லை என்று நினைத்திருந்தேன். ஆனியில் விழுந்த அடியில் இடது காது போய்விட்டதாம். மறுபடியும் சொன்னேன், புளி என்று நினைத்தேன் என்று.

"ஆவணில புளியா?" என்று கேட்டுவிட்டு அக்கா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றேன். "நடுக்கக்காரன போலீசுல புடிச்சிக் குடுத்தவன்னு ஊரு காறித் துப்பும். அவரா அடிக்கறாரு? முன்ன சாராயம் அடிச்சிது. அப்பறம் அவங்கம்மா செத்த ஏக்கம் அடிச்சிது. இப்ப நோயி அடிக்குது. ஒரு டம்ளரு புடிக்க முடியாத கையி, செல்வி. அது அவரு பேச்ச கேக்கல. அதும்மேல கோவப்பட்டு நான் இன்னா பண்ண?" என்றாள். போன வாரம் இடது முன்கை முறிந்திருப்பதை, பேச்சோடு பேச்சாக, கடைசியில் சொன்னாள்.

அன்று வீட்டில் நான் அழுததைப் பார்த்து இனியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உடைந்த தமிழில், "நீ என்னை ஒரு தடவை அடிச்சதுக்கு நிறைய பேர் வந்தாங்க இல்ல? பெரியம்மாவுக்கு யாரும் வரமாட்டாங்களா?" என்று கேட்டாள். லீவுக்கு எழுதிக் கொடுத்தேன்.

8

எங்கள் தலைமை டாக்டரம்மா நல்லவர். ஆனால் சட்டம் பேசினார். கோடுகள் நோயாளியின் சொத்து, வெளியே யாருக்கும் காட்டக் கூடாது. தலையாட்டிவிட்டு வந்து, அந்தக் கோடுகளை என் செல்போனில் படம் பிடித்துக்கொண்டேன். அதற்கான எச்சரிக்கைக் கடிதம் இப்போது என் கோப்பில் இருக்கிறது. இருக்கட்டும்.

புரட்டாசியில் போளூரில் இறங்கி மலை பஸ் ஏறினேன். ஊர்க்கவுண்டருக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர்தான் பேசுவார். காலை பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் அவரும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா கட்டிலில். வலது கை மடியில் கிடந்து நடுங்கியது. அக்கா இடது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தாள். முகம் ஒரு பக்கம் ஊதிக் கருத்திருந்தது. அந்தக் கோலத்தில் எனக்கு மோர் கொண்டு வந்தாள்.

"வாம்மா செல்வி. பாப்பா வர்லியா?" என்றார் மாமா. எப்போதும் போலப் பாசமாக.

கவுண்டர் என் செல்போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, மழக் கணக்கா?" என்றார். நடுக்கம் இது, அடி இது என்று விளக்கினேன். ஒருவருக்கும் ஏறவில்லை. மாமா கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கையப் பாருங்க கவுண்டரே. ஒரு வாய் சோறு எடுத்துத் துன்ன முடியல. அவதான் ஊட்டறா. இதால நான் யார அடிக்கறது? அது தானா போய்ப் படுது." குரல் உடைந்தது. கூட்டத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்தார்.

"நோவு வந்த மனுசன். கையி தானா போய்ப் பட்டா இதுக்கு இன்னா நாயம் பேசறது?" என்றார் கவுண்டர். அக்காவும் "ஆமாங்க" என்றாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "தானா போற கையி ஏன் அவ மூஞ்சில மட்டும் போய்ப் படுது? ஆட்டும்மேல படல, செவுத்தும்மேல படல, கவுண்டரே உங்க மேல படல! மாசம் பூரா அவ எழுதி வெச்சிகிறா, எந்தத் தேதி, எத்தினி மணின்னு!"

மாமாவின் முகம் மாறியது. நோட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தெரியாது. அக்காவைப் பார்த்தார். "நீயாடி எழுதிக் குடுத்த?" என்றார். கட்டிலுக்குக் கீழே இருந்த பித்தளைச் சொம்பை அதே வலது கையால் எடுத்தார், எறிந்தார். எனக்கும் கவுண்டருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அதில் நுழைந்து போன சொம்பு அக்காவின் புருவத்துக்கு மேல் மோதியது. எலும்பில் பித்தளை இடித்த சத்தம். அவள் சுவரில் சாய்ந்தாள். ரத்தம் கண்ணை மூடிக் கன்னத்தில் வழிந்து மோர்ச் சட்டியில் விழுந்தது.

நான் அடுப்பு விறகை எடுத்துக்கொண்டு பாய்ந்தேன். மாமாவின் தோளில் இரண்டு போட்டேன், மூன்றாவதற்குள் கவுண்டர் என் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். யார் மேலும் கை ஓங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள் நான். செய்ததை மறைக்கவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. அந்த நேரம் அவரைக் கொன்றிருப்பேன்.

அக்கா அழவில்லை. ஒரு கண்ணால் மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறிந்த கை நீட்டியது நீட்டியபடி காற்றில் அசையாமல் நின்றது. பிறகு மெதுவாக மடிக்கு இறங்கியது. மடியில் பட்ட பிறகு நடுங்க ஆரம்பித்தது.

"நடுங்கல" என்றாள் அக்கா.

"கவுண்டரே, பாத்தீங்களா? எடுக்கறப்ப நடுங்கல. எறியறப்பவும் நடுங்கல."

கவுண்டர் என் கையை விட்டார். "பாத்தேம்மா" என்றார்.

அவ்வளவுதான் அங்கே நடந்தது. அக்கா மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துக்கொண்டாள். தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். இப்போது கண்ணமங்கலத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். மாமாவுக்குச் சோறு யார் ஊட்டுகிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. வழக்கு, தேதி, வாய்தா என்று பின்னால் நடந்ததையெல்லாம் எழுதிப் பயனில்லை. அன்று மத்தியானம் போளூரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தையல் போட ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் டாக்டர், இருபத்தாறு இருபத்தேழு வயசிருக்கும். காயத்தைச் சுத்தம் பண்ணினார். ஊதிய கன்னத்தையும் மூங்கில் பத்தையையும் பார்த்தார். பிறகு பெரிய ரிஜிஸ்டர் ஒன்றைத் திறந்து, "எப்டிம்மா அடிபட்டுச்சி?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முறியாத கையால் என்னைத் தடுத்தாள்.

"அடிபடலீங்க. அடிச்சாரு. எங்க வூட்டுக்காரரு. அப்பிடியே எழுதிக்கோங்க."